முகாம் குடும்பங்களுக்குள் மனநல ஆதரவுக் குழு அமைப்பது எப்படி?

சென்னையை அடுத்த புழல், கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்காக ஆதரவுக் குழு தொடங்குவோர், இழப்பைத் தாமும் அறிந்த, கேட்டதை வெளியே சொல்லாத இருவரை அதே முகாமிலிருந்தே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறேழு குடும்பங்கள் போதும். கூலி வேலைக்குச் செல்வோரும் வரும்படி ஞாயிறு மாலையில் கூடுங்கள்.

போரில் நடந்ததை விவரிக்கும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது; உறக்கமின்மை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் ஒருவரின் குடிப்பழக்கம் என இன்றைய வாழ்விலிருந்து பேச்சைத் தொடங்கினால், படகில் கடல் கடந்த இரவின் நினைவு தானாக வரலாம், வராமலும் போகலாம், இரண்டும் சரியே. அறிவுரையைவிடப் பொறுமையாகக் கேட்பதே பெரிய உதவி என்பது என் உறுதியான எண்ணம்.

எவரேனும் சாக நினைப்பதாகச் சொன்னால், அவரைத் தனியே விடாமல், 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416-ஐ உடனே அழைத்து, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள்.