ஓட்டுக் கூரையில் ஏறி வேலை பார்க்க: ஏணி, பலகை, கயிறு கட்டும் முறை

பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓட்டு வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. சித்திரை, வைகாசியில் இடியோடு வருகிற கோடை மழை நாலு ஓட்டையாவது நகர்த்திவிட்டுத்தான் போகும். குரங்கு வருகிற ஊர் என்றால் காற்றுகூட வேண்டாம். ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. வீட்டுக்காரரே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுகிறார். அப்படி ஏறப் போகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். "என் எடை இப்போது எதன் மேல் இருக்கிறது?" பதில் ஓடு என்றோ, சிமெண்ட் சீட் என்றோ வந்தால் அங்கேயே நில்லுங்கள். இரண்டும் மழையைத் தள்ளிவிடச் செய்தவை, ஆளைச் சுமக்கச் செய்தவை அல்ல. எடை சுவருக்கோ, முகட்டிலிருந்து சுவர்வரை சரிவாக இறங்குகிற கைமரத்துக்கோ போக வேண்டும்.

1. முதலில் வீட்டுக்குள் நின்று பாருங்கள்

டார்ச் அடித்துக் கைமரம், ரீப்பர் (ஓடு உட்கார கைமரத்தின் குறுக்கே அடித்த மெல்லிய சட்டம்), உத்திரம் எல்லாவற்றையும் பாருங்கள். கரையான் மண் ஓடியிருக்கிற இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். முனை சுலபமாக உள்ளே போனால் அந்த மரம் உங்களைத் தாங்காது. பனங்கை, அதாவது பனைமரக் கைமரம், போட்ட பழைய வீடுகளில் சுவரில் பதிந்திருக்கிற நுனியைக் கட்டாயம் பாருங்கள். ஈரம் தங்குவது அங்கேதான், இற்றுப்போவதும் அங்கேதான். மரம் மோசம் என்றால் மேலே ஏறவே வேண்டாம். உள்ளிருந்து சாரம் கட்டி வேலை பார்க்கலாம்.

சரிவையும் அளந்துவிடுங்கள். கிடைமட்டமாக ஒரு மீட்டருக்குக் கூரை 58 செ.மீ. உயர்ந்தால் அது 30 பாகை. போனில் இருக்கிற மட்டம் பார்க்கும் வசதியே இதற்குப் போதும். அந்தச் சரிவில் ஏணி இல்லாமல் நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். காய்ந்த ஓட்டில் கால் நிற்கும், பாசி படிந்த ஓட்டில் நிற்காது. இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்.

2. நாளும் நேரமும்

ஆடிக் காற்றில் ஏறாதீர்கள். ஓசூர், தளிப் பக்கம் மார்கழி, தையில் காலைப் பனி ஓட்டில் தங்கியிருக்கும், வெயில் வந்து காயட்டும். தகரக் கூரை என்றால் நேர்மாறு, உச்சி வெயிலில் கை வைக்க முடியாது.

மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் ஒயர் கூரைக்குப் பக்கத்தில் போகிறதா? மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டு மெயினை அணைத்தால் அந்த ஒயரில் மின்சாரம் நிற்காது. அலுமினிய ஏணியை அதன் அருகே கொண்டுபோவது விபரீதம்.

3. ஏறும் ஏணி

ஏணி சாய்கிற உயரம் நாலு அடி என்றால் அடிப்பாகம் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்க வேண்டும். பன்னிரண்டு அடிக்கு மூன்று அடி. ஏணியின் தலை, கூரை விளிம்புக்கு மேல் மூன்றடியாவது நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஏணியிலிருந்து கூரைக்கு மாறும்போதும் திரும்பும்போதும் பிடித்துக்கொள்ள அது வேண்டும்.

பலரும் ஏணியை இறவாணத்து (கூரையின் கீழ் விளிம்பு) கடைசி ஓட்டின் மேல் சாய்த்துவிடுகிறார்கள். ஓடு நொறுங்கினால் ஏணி திடுக்கென்று ஒரு சாண் இறங்கும், அந்த ஒரு சாண் போதும். சாய்க்கிற இடத்தில் கீழ் இரண்டு வரிசையில் நாலைந்து ஓட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஏணி கைமரத்தின் மேலோ சுவரின் மேலோ நேரடியாக உட்கார வேண்டும். பிறகு தலைப்பக்கம் ஏணியின் இரண்டு சட்டங்களையும் கைமரத்தோடு கயிறு போட்டு இறுக்குங்கள். அதைக் கட்டி முடிக்கும்வரை கீழே ஒருவர் பிடித்திருக்கட்டும்.

4. முகட்டில் மாட்டும் கொக்கி ஏணி

இந்த வேலையில் முக்கியமான சாமான் இதுதான். கூரைச் சரிவின் மேல் படுக்கப் போடுகிற ஏணி. தலையில் இரண்டு பெரிய கொக்கிகள் இருக்கும், அவை முகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் பிடிக்கும். கடையில் கிடைக்கவில்லை என்றால் நல்ல வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். உங்கள் கூரையின் சரிவை அளந்து கொடுங்கள். கொக்கியின் கோணம் தப்பினால் அது நுனியில் மட்டும் தொட்டு நிற்கும். பற்ற வைத்த இடத்தை, தரையில் வைத்து இரண்டு பேர் தொங்கி இழுத்துச் சோதித்த பிறகு மேலே கொண்டுபோங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது முகட்டு ஓடு. அது வெறும் சாந்தில் உட்கார்ந்திருப்பது, பழைய சாந்து என்றால் ஆட்டினாலே கழன்றுவரும். கொக்கியின் பிடி அந்த ஓட்டை நம்பி இருக்கக்கூடாது. கொக்கி அதைத் தாண்டி மறுபக்கச் சரிவில் முழுதாகப் படிய வேண்டும். படிகிற இடத்திலும், ஏணிச் சட்டத்துக்கு அடியிலும் மடித்த சாக்கு வையுங்கள். ஓடு உடையாது, வழுக்கலும் குறையும். நீளமாகப் படுத்திருப்பதால் உங்கள் எடை பல ரீப்பர்களுக்குப் பிரிந்து கைமரத்துக்குப் போய்விடுகிறது. மேலே மாட்டியதும் பலமாகக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள், அப்புறம்தான் கால் வைக்க வேண்டும்.

எட்டாத ஓட்டுக்காக ஏணியிலிருந்து சாய்ந்து கை நீட்டாதீர்கள். இறங்கி வந்து ஏணியை நகர்த்துங்கள். அலுப்பாகத்தான் இருக்கும்.

5. பெல்ட்டும் கயிறும்

இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட் விழுகிற ஆளைப் பிடிக்க உதவாது. வயிற்றை நெரிக்கும், அல்லது ஆள் அதிலிருந்து நழுவிவிடுவார். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிவருகிற முழு உடல் ஹார்னஸ் வாங்குங்கள், ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக்கூடாது. முதுகு வளையம் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

இனி கயிறு. ஒரு மாடிகூட இல்லாத ஓட்டு வீட்டின் இறவாணம் எட்டு, ஒன்பது அடி உயரத்தில் இருக்கும். ஹார்னஸோடு விற்கிற ஆறடிப் பட்டையும், அதிர்ச்சியை உறிஞ்சும் பை கிழிந்து நீள்வதும், ஆளின் உயரமும் சேர்ந்தால் விழுபவர் நிற்பதற்குப் பதினெட்டு அடிக்கு மேல் வேண்டும். அதற்குள் தரை வந்துவிடும். அதனால் இங்கே கயிற்றின் வேலை விழுந்தவரைப் பிடிப்பதல்ல, விளிம்புக்கே போகவிடாமல் நிறுத்துவது. வேலை செய்கிற இடத்தை எட்டும் அளவுக்கு மட்டும் நீளம் விட்டு, தொய்வில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ரோப் கிராப் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கிற கருவி) என்று கேட்டு வாங்கினால் இந்த நீளத்தைச் சுலபமாகக் கூட்டிக் குறைக்கலாம். எந்தத் தடிமன் கயிற்றுக்குச் செய்ததோ அந்தக் கயிற்றில்தான் அது பிடிக்கும். கிணற்றுக் கயிறும் மாட்டுக் கயிறும் இதற்கு ஆகாது.

கயிறு முகட்டைத் தாண்டி வீட்டின் மறுபக்கம் இறங்கி, அங்கே அசையாத ஒன்றில் கட்டப்பட வேண்டும். பெரிய புளியமரம், வேப்பமரத்தின் அடித்தண்டு, கான்கிரீட் தூண் நல்லது. நம் ஊரில் வேலிக்கு நட்டிருக்கிற கருங்கல் தூண் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் முள்கம்பியைத் தாங்க இரண்டடி மண்ணில் நின்றிருப்பது அது. நம்ப வேண்டாம். டிராக்டரில் கட்டுகிறவர்களும் உண்டு; யாராவது சாவி போட்டு நகர்த்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆள் கையில் பிடித்திருப்பது கட்டியதாகவே கணக்கில்லை. முகட்டில் கயிறு உரசும் இடத்திலும் சாக்கு வையுங்கள்.

கயிறு உங்களுக்கு நேர் மேலே இருக்கட்டும். பக்கவாட்டில் தள்ளிப்போய் வழுக்கினால் ஊஞ்சல் மாதிரி ஆடிப்போய் விளிம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

6. சிமெண்ட் சீட் கூரை என்றால்

பட்டுப்புழு மனை, மாட்டுக் கொட்டகை, ஓசூர்ப் பட்டறைகள் எல்லாம் இந்த வகை. "போல்ட் வரிசையில் மிதித்தால் ஒன்றும் ஆகாது" என்பதைக் கேட்டு நடந்தவர்கள் நிறையப் பேர் உள்ளே விழுந்திருக்கிறார்கள். பழைய சீட் முன்னறிவிப்பு தராது. வெளிச்சத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் சீட் வெயிலில் மங்கி மற்ற சீட்டோடு கலந்து தெரியும். உள்ளிருந்து பார்த்து அவை எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டடி அகலப் பலகைகள் வேண்டும். நீளம் மூன்று பர்லின்மேல் (சீட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டம்) உட்காரும் அளவு. கால் வழுக்காமல் இருக்கக் குறுக்குச் சட்டங்கள் அடித்திருக்க வேண்டும். மேல்முனையைக் கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். பலகை குறைந்தது இரண்டு: ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை நகர்த்த. பழைய சீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) இருக்கும். அறுக்கவோ, உடைக்கவோ, காய்ந்தபடி பெருக்கவோ கூடாது. கழற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள்.

7. வேலை நடக்கும்போது

ரப்பர் அடி ஷூ, தாடையில் பட்டை உள்ள ஹெல்மெட். ஹவாய் செருப்பு வேண்டாம். ஓடுகளைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், வாளியில் கயிறு கட்டி இழுங்கள். நாலைந்து ஓட்டுக்கு மேல் ஒரே இடத்தில் அடுக்கவும் வேண்டாம். கீழே குழந்தைகள், கோழி பிடிக்க ஓடுகிறவர்கள் யாரும் வராமல் ஒரு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரிடம் போன் இருக்கட்டும். யாராவது கயிற்றில் தொங்கும்படி ஆகிவிட்டால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு உடனே ஏணி வைத்து அவர் கால் ஊன்ற இடம் கொடுங்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்குவது சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து.

இறங்கும்போது இரண்டு கால்களும் ஏறும் ஏணியில் ஊன்றி, ஒரு கை சட்டத்தைப் பிடித்த பிறகு ஹார்னஸ் கொக்கியைக் கழற்றுங்கள்.

வேலை முடிந்ததும் கயிற்றையும் ஹார்னஸையும் வெயில் படாத, எலி வராத இடத்தில் தொங்கவிடுங்கள். பேட்டரி, பூச்சிமருந்து பக்கம் வைக்கக் கூடாது. தையல் பிரிந்தாலோ, ஒருமுறை யாரையாவது தாங்கிப் பிடித்திருந்தாலோ அந்த ஹார்னஸை வெட்டித் துண்டாக்கித்தான் வெளியே போட வேண்டும். முழுசாகப் போட்டால் வேறொருவர் எடுத்து மாட்டிக்கொள்வார்.