வன்னிக்கு விமான நிலையம் கேட்கும்போது விடக்கூடாத பிழைகள்

வவுனியாவிலோ இரணைமடுவிலோ பயணிகள் விமானம் வந்திறங்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் எதை யாரிடம் கேட்கிறோம் என்பதில் பிழை விட்டால், நல்ல கோரிக்கையும் கோப்புக்குள் கிடந்து பழுப்பேறிவிடும்.

முதல் பிழை, மகஜரைப் பிரதேச சபைத் தவிசாளரிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடுவது. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13வது திருத்தத்தில் விமானப் போக்குவரத்தும் விமான நிலையங்களும் மத்திய அரசுக்கென ஒதுக்கிய நிரலில் இருக்கின்றன. பிரதேச சபைக்கு மட்டுமல்ல, மாகாண சபைக்கும் அதில் அதிகாரம் இல்லை. சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம், நல்லதுதான். அதைத் துறைக்குரிய அமைச்சுக்கு அனுப்பி, நாடாளுமன்ற உறுப்பினர் மூலமும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் தொடர்ந்து கேட்டால்தான் அது நகரும்.

நடத்துபவரையும் அனுமதி கொடுப்பவரையும் ஒன்றாக நினைப்பது அடுத்தது. கட்டுநாயக்க, மத்தள, பலாலி நிலையங்களை நடத்துவது அரசுக்குச் சொந்தமான விமான நிலைய நிறுவனம். பாதுகாப்பு விதிகளைப் பார்த்து அனுமதி கொடுப்பது, 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சிவில் விமான சேவைகள் அதிகார சபை. வவுனியா, இரணைமடு ஓடுபாதைகளோ விமானப்படையின் கையில். ஆகவே அங்கே மூன்றாவதாக ஒரு தரப்பும் சம்மதிக்க வேண்டும்.

ஓடுபாதை இருந்தால் போதும் என்பதும் பிழை. தீயணைப்பு ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: வந்திறங்கும் விமானத்தின் நீளத்தையும் உடற்பகுதியின் அகலத்தையும் வைத்தே அங்கே எந்தத் தரத்தில் அது வேண்டும் என்று முடிவாகும். வெளிநாட்டு விமானம் என்றால் சுங்கமும் குடிவரவும் வேறு. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் நின்றது. மீண்டும் தொடங்க 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறப்பு விழா வேறு, சேவை வேறு.

இலாபத்தைக் காட்டி வாதாடுவதையும் விட்டுவிடுங்கள். ஸ்கொட்லாந்தின் வட பகுதியிலும் தீவுகளிலும் உள்ள சிறு நிலையங்களை அந்நாட்டு அரசின் ஒரு நிறுவனம் சேர்த்து நடத்துகிறது. அதில் ஒன்றான பாரா (Barra) தீவு நிலையத்தில் விமானம் கடற்கரை மணலில் இறங்கும். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்தே நேர அட்டவணை. அந்த நிறுவனம் அரசின் மானியத்தில்தான் நிற்கிறது. மக்களுக்கு வைத்தியசாலையும் வேலையும் எட்ட வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே செலவழிக்கிறார்கள். வன்னியும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி, பலரும் கவனிக்காத பிழை ஒன்று. அதிகாரம் இல்லை என்றதும் உள்ளூராட்சி சபைக்கு வேலையே இல்லை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் குப்பையும் கட்டட அனுமதியும் சபையின் பொறுப்பு. ஓடுபாதைக்குப் பக்கத்தில் குப்பை கொட்டினால் காகமும் பருந்தும் கூடும். ஒரு பறவை இயந்திரத்துக்குள் போனாலே போதும், விமானம் ஆபத்தில். வன்னியில் குளம்தோறும் கொக்கும் நீர்க்காகமும் ஏற்கெனவே உண்டு, அதற்கு மேல் நாமும் கூட்டக்கூடாது. பிரித்தானியாவில் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 13 கிலோமீற்றர் வட்டத்துக்குள் குப்பைமேடு அமைப்பதென்றால் முதலில் நிலையத்திடம் கேட்பார்கள். விமானம் இறங்கும் திசையில் தொலைத்தொடர்புக் கோபுரமோ மாடிக் கட்டடமோ எழும்பிவிட்டால், பின்னர் அதை அகற்றுவது பெரும்பாடு. அதனால் குப்பைக்குக் காணி ஒதுக்கும் கூட்டத்திலும் கட்டட விண்ணப்பம் பார்க்கும் கூட்டத்திலும் உறுப்பினர்கள் வரைபடத்தை விரித்து, ஓடுபாதையின் இரு முனைகளும் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று பார்த்துவிட்டே கையொப்பமிட வேண்டும்.