தலையில் அடிபட்டவரை ஆட்டத்திலிருந்து வெளியே அழைத்து வருவது எப்படி?

பந்துக்காக இருவர் ஒரே நேரத்தில் எம்புகிறார்கள். தலையும் தலையும் மோதும் சத்தம் எல்லைக்கோடு வரை கேட்கிறது. விழுந்தவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஒன்றுமில்லை, ஆடுகிறேன்" என்கிறார். இயன்முறை மருத்துவராக 22 ஆண்டுகளாக எல்லைக்கோட்டருகே உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சொல்லை நம்பக் கூடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் 15 வயதுப் பெண் ஒருத்தி.

அப்போது நான் பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. அவளிடம் பெயர் கேட்டேன், தேதி கேட்டேன், கிழமை கேட்டேன். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். உள்ளே அனுப்பிவிட்டேன். இடைவேளையில் என் அருகே வந்து, "ஆட்டம் எப்போது தொடங்கும்?" என்று கேட்டாள். பதில் சொன்னேன். சற்று நேரத்தில் மீண்டும் அதையே கேட்டாள். அவள் முழுமையாகக் குணமடைந்தாள். ஆனால் நடுவே இன்னோர் அடி விழாமல் போனதற்கு நான் காரணமல்ல.

என் கேள்விகளே தவறானவை. சொந்தப் பெயரும் கிழமையும் அடிபட்ட மூளைக்கும் எளிதில் நினைவுக்கு வரும். தடுமாறுவது அண்மை நினைவுதான். ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்த மேடக்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1995இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுடைய கேள்விகளைத்தான் இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறோம். நாம் இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாக கோல் போட்டது யார்? சென்ற ஆட்டத்தில் எந்த அணியுடன் ஆடினீர்கள்? அதில் உங்கள் அணி வென்றதா? இவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் ஸ்கோரைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவர்களிடம், இது மதிய உணவுக்கு முன்பா பின்பா, கடைசியாக நடந்த வகுப்பு எது என்று கேளுங்கள்.

ஒரு விடை தவறினாலும் அவர் வெளியே வர வேண்டும். ஆனால் எல்லா விடைகளும் சரியாக இருப்பதாலேயே உள்ளே அனுப்பிவிட முடியாது. மூளையதிர்ச்சி, அதாவது அடியால் மூளையின் செயல்பாடு தற்காலிகமாகக் குலைவது, ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் மயங்கி விழுவதில்லை. வெறித்த பார்வை, எழுவதில் தாமதம், நடையில் தள்ளாட்டம், தலைவலி, குமட்டல், வெளிச்சத்தைப் பார்க்கக் கண்கூசுதல், காரணமில்லாத அழுகை அல்லது எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் போதும். "இவன் எப்போதும் இப்படி இருக்க மாட்டானே" என்று அணித் தோழர் யாராவது சொன்னால், அந்தச் சொல்லுக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன்.

கேள்விக்கெல்லாம் முன்பாகப் பார்க்க வேண்டியது கழுத்து. அசையாமல் கிடப்பவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கழுத்து வலி, கைகால்களில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, இரட்டைப் பார்வை, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மங்கிக்கொண்டே போகும் சுயநினைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தலையை இருபுறமும் கைகளால் பிடித்தபடி அவருடன் பேசிக்கொண்டே இருங்கள்.

வெளியே வந்தவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. நான் படித்த காலத்தில் அப்படிச் சொல்லித்தரவில்லை. அமெரிக்க நரம்பியல் அகாடமி 1997இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மயக்கமில்லாமல் குழப்பம் மட்டும் இருந்து, 15 நிமிடங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டால் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கலாம். 2013இல் அந்த அமைப்பே அதைக் கைவிட்டது. 15 நிமிடம் ஏன் போதாது என்பதற்கு 2019 ஆகஸ்ட் மாத லார்ட்ஸ் டெஸ்ட் நல்ல உதாரணம். ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதனைகளில் தேறி, ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் பேட் செய்ய வந்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தநிலையும் தெரிந்தன. அவருக்குப் பதிலாக இறங்கிய லபுஷேன், டெஸ்ட் வரலாற்றில் மூளையதிர்ச்சிக்கான முதல் மாற்று வீரர் ஆனார். அந்த விதி நடைமுறைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். அறிகுறிகளை யாரும் கற்றுக்கொண்டுவிடலாம். பயிற்சியாளர் கத்தும்போது, பெற்றோர் கெஞ்சும்போது, அடிபட்டவரே அழும்போது, "இல்லை" என்று சொல்வதுதான் கடினம். இரண்டாம் நூற்றாண்டில், ரோமப் பேரரசின் பெர்கமோன் நகரில், அரங்கில் ஆயுதமேந்திச் சண்டையிட்ட கிளாடியேட்டர்களின் காயங்களுக்கு மருத்துவம் பார்த்தவர் கிரேக்க மருத்துவர் கேலன். அவரை நியமித்தவர், அந்தச் சண்டைகளை நடத்திய தலைமைப் பூசாரி. அடிபட்டவனை எவ்வளவு விரைவில் மீண்டும் களத்தில் இறக்கலாம் என்ற அவசரம் அவ்வளவு பழையது. சம்பளம் தரும் அணிக்கும் உடலைப் பணயம் வைக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவில்தான் விளையாட்டு மருத்துவம் இன்றும் நிற்கிறது. அங்கே நிற்பவர் சாய வேண்டியது ஆட்டக்காரர் பக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஊதியமில்லாமல் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிவரும் உங்களுக்கும் அது பொருந்தும்.

ஆகவே பேச்சை ஆட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். இரு பயிற்சியாளர்களையும் நடுவரையும் ஒன்றாக நிறுத்தி நான் சொல்வது இதுதான்: "தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் அவர் இன்று ஆட மாட்டார். முடிவு என்னுடையது." கூடவே, அப்படி வெளியேறுபவருக்குப் பதிலாக இறங்குபவரை மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். கால்பந்து விதிகளே 2024 முதல் போட்டி அமைப்பாளர்களுக்கு அந்த அனுமதியைத் தருகின்றன. ஓர் ஆளை இழக்கும் பயம் நீங்கினால் பயிற்சியாளரின் குரலும் தணிந்துவிடும். ஆட்டக்காரரிடம் வாதாடாதீர்கள். முடிவெடுக்கும் மூளைக்குத்தான் அடிபட்டிருக்கிறது. கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வையுங்கள். ஷூவைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அடம்பிடிப்பவர் நழுவி உள்ளே ஓடாமலிருக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

முதல் சில மணி நேரம் அவரைத் தனியே விடக் கூடாது. வாகனம் ஓட்டக் கூடாது, மது கூடாது. அறிகுறி எதுவும் பெரிதாக இல்லாவிட்டாலும் மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். பிறகு இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைப்பது பழைய முறை. இப்போது முதல் ஒன்றிரண்டு நாள் அளவான ஓய்வு, குறைந்த திரை நேரம், மெதுவான நடை. அதன்பின் படிப்படியாக லேசான ஓட்டம், தனியாகப் பந்துப் பயிற்சி, மோதலில்லாத குழுப் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் கொடுங்கள். அறிகுறிகள் கூடினால் ஒரு படி இறங்குங்கள். மோதல் உள்ள பயிற்சிக்கு அறிகுறிகள் முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும், மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும். பிள்ளைகள் பாடங்களுக்கு முழுமையாகத் திரும்பிய பிறகே ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளில் அடிபட்ட நேரம், பட்ட இடம், கேள்விகளுக்குச் சொன்ன விடைகள், ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய அறிகுறிகள் ஆகியவற்றை எழுதிப் பெற்றோர் கையில் கொடுங்கள். அடிபட்ட பிள்ளையிடம் கொடுத்தால் தாள் வீடு போய்ச் சேராது. அன்றிரவும் மறுநாள் காலையும் தொலைபேசியில் அழையுங்கள். காலை அழைப்பில் நான் முதலில் கேட்பது, "பிள்ளை எழுந்ததும் என்ன சொன்னாள்?"