இரண்டு பழைய நாற்காலிகளைப் பெஞ்சாக்குதல்: செய்முறையும் நான் செய்த பிழைகளும்

சாப்பாட்டு மேசையோடு சேர்த்து வாங்கிய ஆறு நாற்காலிகளில் நான்கு உடைந்து விறகாகிவிட்டன. மிஞ்சிய இரண்டும் வராந்தா மூலையில் ஈரத்துணி உலர்த்தும் இடமாக மாறிவிட்ட நிலையில்தான் அவற்றைப் பெஞ்சாக்கும் எண்ணம் எனக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி விட்டு, முன்னும் பின்னும் சட்டம் கொடுத்து, மேலே நீளவாக்கில் பலகைகளைப் பரப்பினால் நாலரை அடி நீளத்தில் மூவர் அமரும் பெஞ்சு கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று தொடங்கிய வேலை மூன்று வாரம் நீண்டது; ஒரு முறை எல்லாவற்றையும் பிரித்து மறுபடியும் பூட்ட நேர்ந்தது. நாற்காலி என்பது சதுரமான பொருள் என்றும், ஒன்றாக வாங்கிய இரண்டு நாற்காலிகள் ஒரே அளவாகத்தான் இருக்கும் என்றும் நான் நம்பியிருந்தேன். என் பிழைகளில் பெரும்பாலானவை அந்த நம்பிக்கையிலிருந்தே பிறந்தன.

எந்த நாற்காலி உதவும்

இந்தச் செய்முறை நான்கு கால்களும் இருக்கையைச் சுற்றிச் சட்டமும் உள்ள மர நாற்காலிகளுக்கே பொருந்தும். இருக்கை பிரம்பாக இருந்தாலும் பிளைவுட்டாக இருந்தாலும் கவலையில்லை, அதைக் கழற்றிவிடத்தான் போகிறோம். காலில் குண்டூசித் தலை அளவுத் துளைகள் இருந்து, தட்டும்போது மாவு போன்ற தூள் கொட்டினால் அது உளுத்த மரம். அந்த நாற்காலியை இரக்கம் பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும், ஏனெனில் உள்ளிருக்கும் வண்டு நாம் புதிதாகப் போடும் பலகைக்கும் பரவக்கூடும். கால்களின் அடிமுனையை ஸ்குரூடிரைவர் நுனியால் குத்திப் பார்ப்பதும் அவசியம். வீடு கழுவும் தண்ணீர் பல ஆண்டுகள் ஊறிய கால், மேலே பளபளப்பாக இருந்தாலும் அடியில் பஞ்சாகியிருக்கும்.

பெயிண்ட் அடித்த பழைய நாற்காலியாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை உண்டு. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புள்ளதால், அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாளைப் பயன்படுத்தி, முகமூடி அணிந்து, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்து, வரும் கழிவைத் துணியால் துடைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

முதலில் ஆட்டத்தை எடுத்தல்

ஆடுகிற இரண்டு நாற்காலிகளை இணைத்தால் உறுதியான பெஞ்சு கிடைக்காது, நீளமாக ஆடுகிற பெஞ்சுதான் கிடைக்கும். தளர்ந்த இணைப்புகளின் இடுக்கில் வெள்ளைப் பசையைப் பிழிந்துவிட்டுக் காயவைத்ததே நான் செய்த முதல் தவறு. பத்து நாளில் ஆட்டம் திரும்பிவிட்டது. வெள்ளைப் பசை மரத்தின் நார்களுக்குள் ஊடுருவித்தான் பிடிக்கிறது. துளைக்குள் செருகும் மரமுனையான கழுந்தின்மேல் பழைய பசை கண்ணாடிபோல் படிந்திருக்கையில் அதற்கு ஊடுருவ வழியில்லை. ஆகவே தளர்ந்த இணைப்பை மரச் சுத்தியலான கொட்டாப்புளியால் தட்டி முழுவதுமாகப் பிரித்து, எந்தக் கழுந்து எந்தத் துளைக்குரியது என்று பென்சிலால் எண் இட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகர் கலந்து பழைய பசையை ஊறவைத்துச் சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட்ட பிறகே புதுப் பசை இட வேண்டும். தேக்காக இருந்தால் அதன் இயற்கையான எண்ணெய்ப் பசையைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுவது நல்லது.

நீளமான கிளாம்ப் இல்லாதவர்களுக்குத் தாம்புக் கயிறே போதுமானது. நான்கு கால்களையும் சுற்றி இரண்டு சுற்றுக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் இணைப்புகள் இறுகும். குச்சியைச் சட்டத்தில் தடுத்து நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுவதும் விட்டுவிடலாம். ஆனால் நாற்காலியை நான்கு கால்களிலும் சமதரையில் நிறுத்தி உலரவிட வேண்டும். நான் இடம் போதவில்லை என்று ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தேன். மறுநாள் அது கல்போல் இறுகியிருந்தது, ஒரு கால் மட்டும் அந்தரத்தில் நின்றது.

நாற்காலி சதுரமல்ல

பெரும்பாலான சாப்பாட்டு நாற்காலிகளின் இருக்கை முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருக்கும். என்னுடையவற்றில் முன்புறம் 45 செ.மீ., பின்புறம் 38 செ.மீ. பின்கால்கள் சற்றே பின்னோக்கிச் சரிந்திருக்கும், இருக்கையும் பின்பக்கம் மெல்லத் தாழும். இவையெல்லாம் உட்காருபவரின் வசதிக்காகத் தச்சர் வேண்டுமென்றே செய்தவை. தனி நாற்காலியில் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவுகள், இரண்டை அருகருகே வைத்ததும் பல்லைக் காட்டத் தொடங்கும்.

முதலில் நான் இடைவெளியே இல்லாமல் இரண்டையும் ஒட்டிவைத்து இருவர் அமரும் பெஞ்சு செய்ய முயன்றேன். முன்கால்கள் தொட்டுக்கொண்டன, பின்கால்களுக்கு நடுவே 7 செ.மீ. இடைவெளி நின்றது. அதைக் கயிற்றால் இழுத்து மூடியபோது இரண்டு நாற்காலிகளும் சண்டையிட்ட உறவினர்கள்போல ஆளுக்கொரு திசை பார்த்தன. முன்சட்டம் எதன்மேலும் படியவில்லை. நடுவில் ஒன்றரை அடி விடுவதால் இந்தச் சிக்கல் நீங்கி, மூன்றாவது ஆளுக்கும் இடம் கிடைக்கிறது.

சரியான முறை இதுதான். தரையில் நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, நான்கு முன்கால்களின் முகமும் அந்தக் கோட்டைத் தொடும்படி நாற்காலிகளை நிறுத்த வேண்டும். பிறகு இடது ஓரத்து முன்காலிலிருந்து வலது ஓரத்துப் பின்கால்வரையும், வலது ஓரத்து முன்காலிலிருந்து இடது ஓரத்துப் பின்கால்வரையும் மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் சமமாக வந்தால் அமைப்பு கோணலில்லாமல் இருக்கிறது என்று பொருள். இருக்கை குறுகிச் செல்வது இந்தச் சோதனையைப் பாதிக்காது.

இருக்கைச் சட்டங்களின் உயரத்தையும் இப்போதே சரிபார்க்க வேண்டும். நேரான பலகை ஒன்றை இரண்டு நாற்காலிகளின் முன்சட்டங்கள் மேலும் படுக்கவைத்து அதன்மேல் ரசமட்டத்தை வைத்தால் எது தாழ்ந்தது என்று தெரியும். என் நாற்காலிகளில் ஒன்று 12 மி.மீ. தாழ்ந்திருந்தது. தாழ்ந்ததன் கால்களுக்கு அடியில் மரச்சில்லுகளை ஆப்பாகச் செருகி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பின்சட்டங்களுக்கும் இதே சோதனைதான். கால்களை அறுக்க இந்த நிலையில் ரம்பத்தைத் தொடவே கூடாது.

முன்சட்டமும் பின்சட்டமும்

சட்டத்துக்கு நான் எடுத்தது 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள மரம். அதை முதலில் படுக்கைவாக்கில் இருக்கையின் அடியில் பூட்டினேன். நடுவில் ஒருவர் அமர்ந்ததும் வில்லாக வளைந்தது. வளையாமல் நிற்கும் வலிமை மரத்தின் உயரத்தின் மும்மடியாக (உயரம் × உயரம் × உயரம்) கூடுகிறது, அகலத்தாலோ ஒரு மடங்குதான் கூடுகிறது. எனவே அதே மரத்தைச் செங்குத்தாக, 3 அங்குலம் உயரமாகும்படி நிறுத்தினால் படுக்கவைத்ததைவிட ஒன்பது மடங்கு விறைப்பாக நிற்கும். இடைவெளி இரட்டித்தால் நடுப்பகுதியின் தொய்வு எட்டு மடங்காகும் என்பதால், நான்காவது ஆளுக்கும் இடம் வேண்டுமென்று நாற்காலிகளை மேலும் விலக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. அப்படித்தான் வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஜோடிக் கால் கொடுக்காமல் முடியாது.

இந்தச் சட்டங்களை எங்கே பூட்டுவது என்பதில்தான் முழுவதையும் பிரிக்கவைத்த பிழை நேர்ந்தது. காலே வலுவான இடம் என்று எண்ணி, இருக்கை உயரத்தில் காலைத் துளைத்துப் போல்ட் கொடுத்தேன். அந்த இடத்தில்தான் நாற்காலியின் முன்சட்டத்துக் கழுந்தும் பக்கச் சட்டத்துக் கழுந்தும் காலுக்குள் சந்திக்கின்றன. என் டிரில் இரண்டையும் அறுத்துக்கொண்டு போயிற்று. பாடுபட்டு இறுக்கிய இணைப்பை நானே குலைத்துவிட்டேன். காலைத் தொடாமல், நாற்காலியின் முன்சட்டத்தோடு புதுச் சட்டத்தை முகத்தோடு முகம் சேர்த்துப் பூட்டுவதே முறை. காலிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஒவ்வொரு நாற்காலிக்கும் இரண்டு போல்ட் போதும். கால் அங்குலப் போல்ட், இரு பக்கமும் வாஷர், உள்பக்கம் நட்டு. நாற்காலிச் சட்டம் காலின் முகத்திலிருந்து சற்று உள்வாங்கியிருந்தால் அந்தக் கனத்துக்கு ஒரு மெல்லிய சில்லை இடையில் கொடுத்து நிரப்ப வேண்டும். பின்சட்டமும் இப்படியே. பிறகு நடு இடைவெளியில் முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்றைக் கொடுத்தால் பலகைகளுக்கு நடுத்தாங்கல் கிடைக்கும்.

ஜிப்சம் பலகைக்கென்று விற்கும் கறுப்பு ஸ்குரூக்களை இங்கே பயன்படுத்தக் கூடாது. அவை கடினமான மரத்தில் ஏறும்போதே கழுத்தில் முறியும், முறிந்த துண்டை வெளியே எடுப்பது தனி வேலை. எந்த ஸ்குரூவானாலும் முன்துளை போட்ட பிறகே ஏற்ற வேண்டும். 4 மி.மீ. ஸ்குரூவுக்குக் கடின மரத்தில் 3 மி.மீ. துளை சரியாக இருக்கும். முன்துளை இல்லாமல் ஓரத்தில் ஏற்றினால் மரம் நார்வாக்கில் விண்டுவிடும். விண்டுபோனால் பதற வேண்டியதில்லை: ஸ்குரூவைக் கழற்றி, பிளவுக்குள் பசையை மெல்லிய அட்டையால் தள்ளி, இறுகக் கட்டி ஒரு நாள் விட்டு, வேறு இடத்தில் துளையிட்டுக்கொள்ளலாம்.

பலகைகள்

4 அங்குல அகலத்தில் நான்கு பலகைகள் போதும். சட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தம் 1 கன அடிக்குள் அடங்கிவிடும் மரம்தான் தேவை, ஆகவே மரக்கடையில் மிச்சத் துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். பழைய கட்டில் பலகை கிடைத்தால் அதைவிட நல்லது. 1 அங்குலம் என்று வாங்கும் பலகை இரு பக்கமும் இழைத்த பின் முக்கால் அங்குலத்தை ஒட்டியே நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் கால் அங்குல இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும். மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். இடைவெளி வைத்தால் மரம் தன் போக்கில் விரிந்து சுருங்கிக்கொள்ளும். கடைசிப் பலகை பின்கால்களுக்கு அரை செ.மீ. முன்னாலேயே நின்றுவிடட்டும். காலைச் சுற்றி வளைத்து வெட்டுவது அழகுதான், ஆனால் ஒரு நாற்காலியில் எடுத்த அளவு மற்றதற்குப் பொருந்தாது என்பதை ஒரு நல்ல பலகையைப் பாழாக்கித்தான் நான் தெரிந்துகொண்டேன். நடுவில் அமருபவருக்குச் சாய்வு வேண்டுமானால், இருக்கையிலிருந்து 8 அங்குல உயரத்தில் இரண்டு முதுகுச் சாய்வுகளையும் இணைத்து ஒரு சட்டம் கொடுக்கலாம். பக்கவாட்டு ஆட்டத்தையும் அது தடுக்கும்.

எட்டுக் கால்களையும் தரையில் படியவைத்தல்

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி சில நேரம் ஆடும், நம்முடையதோ எண்காலி. கால்களைச் சரிசெய்ய வேண்டியது எல்லாச் சட்டங்களையும் பூட்டிய பிறகுதான். நான் அதற்கு முன்பே ஒரு காலைச் சிறிது அறுத்தேன், பிறகு எதிர்க்காலைச் சிறிது, பிறகு மறுபடியும் முதல் காலை. மேலும் அந்த வேலையை மொட்டை மாடியில் செய்தேன். மழைநீர் ஓடுவதற்காக மொட்டை மாடித் தளத்துக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். அந்தச் சரிவின்மேல் ரசமட்டம் வைத்துச் சரிசெய்த கால்கள் மாடிக்குப் பொருத்தமாகவும் வீட்டுக்குள் கோணலாகவும் அமைந்தன.

மட்டமான தரையைத் தேர்ந்து, இருக்கை மட்டமாகும்வரை ஆப்புகளைச் செருகி, எந்தக் காலின் அடியில் இடைவெளி மிக அதிகம் என்று பார்க்க வேண்டும். அந்த இடைவெளியின் கனத்துக்குச் சரியான மரத்துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் படுக்கவைத்து, அதன் மேல்முகத்தில் பென்சிலைச் சாய்க்காமல் வைத்து, எட்டுக் கால்களையும் சுற்றிக் கோடு போட வேண்டும். கோட்டோடு அறுத்தால் எட்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். இடைவெளி 3 மி.மீ.க்குள்தான் என்றால் அறுக்கவே வேண்டாம், ரப்பர் புஷ் ஒட்டினால் போதும். அறுத்த வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் அங்கே வார்னிஷை இரண்டு மூன்று முறை ஊறவிட வேண்டும்.

இனி மெருகு. 80, 120, 180 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) உப்புத்தாளை நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வெறும் மரத்தில் தெரியாது, வார்னிஷ் பட்டதும் வெளிப்படும். பலகைகளின் அடிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சு தேவை. மேலே மட்டும் பூசிய பலகை இரு பக்கமும் ஈரத்தை வெவ்வேறாக வாங்கிக் குழிந்துவிடும். அடைமழை நாட்களில் வார்னிஷ் அடிக்காமல் வெயில் வரும்வரை பொறுத்திருக்கலாம். பெஞ்சு பயன்பாட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆனதும் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். மரம் சுருங்கி, அவற்றில் ஒன்றிரண்டு அரைச் சுற்றாவது தளர்ந்திருக்கும்.