வெளிநாட்டு லாபத்தை ஊருக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் சிப்காட்டில் இயங்கும் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் லாபத்தைத் தாய்நாட்டுக்கு அனுப்புவதைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். வெளிநாட்டில் துணை நிறுவனம் தொடங்க நினைக்கும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து முதலாளிகளும் இந்தக் கணக்கை இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும்.

கணக்கில் லாபம் தெரிந்தால் கையில் பணம் இருக்கிறது என்று எண்ணுவது முதல் தவறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலை ஒன்றுக்கு நெதர்லாந்தில் துணை நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். ஈட்டிய லாபம் அங்கே கிடங்கில் அடுக்கிய கூழ் பீப்பாய்களிலும், வாங்கியவர்கள் தராத பாக்கியிலும் முடங்கியிருக்கும். இங்கோ கூழுக்கான தோத்தாபுரி மாம்பழ வரத்து கூடும் மே, ஜூன் மாதங்களில் விவசாயிகளுக்குக் கொடுக்க ரொக்கம் வேண்டும். பாக்கியை வசூலித்து மார்ச்சிலேயே ஈவுத்தொகையை, அதாவது பங்குதாரரான தாய் நிறுவனத்துக்குத் தரும் லாபப் பங்கை, அறிவித்திருந்தால், பருவத்தில் வங்கிக் கடனும் வட்டியும் குறைந்திருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, வரியை ஒரு நாட்டில் மட்டும் கணக்கிடுவது. ஓசூர் உதிரிபாக நிறுவனம் ஒன்றின் ஜெர்மன் துணை நிறுவனம் 100 ரூபாய் லாபம் ஈட்டுகிறது என்று வையுங்கள். அங்கே நிறுவன வரிகளுக்கு ஏறக்குறைய 30 போக, 70 மிஞ்சும். அதை ஈவுத்தொகையாக அனுப்பும்போது ஒரே வருமானத்துக்கு இரு நாட்டிலும் முழு வரி விழாமல் தடுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி 10 சதவீதம், அதாவது 7 ரூபாய் பிடிப்பார்கள். ஒப்பந்தச் சலுகைக்கான சான்றை முன்கூட்டியே பெறாவிட்டால் பிடித்தம் 26.375 சதவீதம். இந்தியாவில் அந்த 70 ரூபாய்க்கு 25.17 சதவீத நிறுவன வரி 17.62. அங்கே பிடித்த 7 ரூபாயைக் கழித்து 10.62 கட்ட வேண்டும். மிஞ்சுவது 52.38. முதலில் போன 30 ரூபாய்க்கு இங்கே கழிவு கிடையாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அந்த 7 ரூபாய்க் கழிவுக்கும் உரிய படிவத்தைக் காலத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். வந்த தொகையைத் தாய் நிறுவனம் கெடுவுக்குள் தன் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளித்தால், பகிர்ந்த அளவுக்கு இங்கே நிறுவன வரி இல்லை. ஆகவே தன் ஈவுத்தொகைத் தேதியையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

பெரிய பன்னாட்டு நிறுவனங்களைப் பார்த்து அப்படியே செய்வதும் ஆகாது. ஜப்பான் 2009 முதல், தகுதியுள்ள வெளிநாட்டுத் துணை நிறுவன ஈவுத்தொகையில் 95 சதவீதத்துக்கு வரிவிலக்கு தருகிறது. அமெரிக்காவும் 2017 சட்டத்தில் விலக்கு கொண்டுவந்தது. வெளிநாட்டு ஈவுத்தொகைக்கு இங்கே இருந்த 15 சதவீதச் சலுகை வரியோ 2022 பட்ஜெட்டில் நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பிப் போட்ட பழைய கணக்கைத் தூக்கி எறியுங்கள்.

ஈவுத்தொகையை ராயல்டி (தொழில்நுட்பம், வணிகப்பெயர் போன்றவற்றைப் பயன்படுத்தத் தரும் கட்டணம்), நிர்வாகக் கட்டணம் என்று பெயர் மாற்றி வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உண்மையான சேவையும், சந்தை விலைக்கு ஒத்த கட்டணமும், அதற்கான ஆவணங்களும் இல்லாவிட்டால் இரு நாட்டு வரித்துறைக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

யூரோ இன்னும் ஏறட்டும் என்று, அறிவித்த ஈவுத்தொகையை அங்கேயே நிறுத்திவைப்பதும் கூடாது. வெளிநாட்டு முதலீட்டுக்கான 2022 ஒழுங்குமுறைகளின்படி, வரவேண்டிய பணம் உரிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் இந்தியா வந்துசேர வேண்டும். காத்திருப்பதானால் அறிவிப்பதற்கு முன்பே காத்திருக்க வேண்டும். துணை நிறுவனத்தின் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையை டிசம்பர் 31-க்குள் வங்கி வழியாகத் தாக்கல் செய்யத் தவறினால், அதைச் சரிசெய்யும் வரை அந்த நிறுவனத்துக்கு மேற்கொண்டு முதலீடு அனுப்பவும் முடியாது.