பம்ப்செட் சர்வீஸுக்கு வரும் போனைக் குரல் ஐவிஆர் எடுக்கட்டும்: அமைக்கும் முறை

கோயம்புத்தூர் பக்கம் பம்ப்செட் சர்வீஸ் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு, போன் எப்போது அலறும் என்று தெரியும். த்ரீ பேஸ் கரண்ட் வந்த மறு நிமிடம். விடிகாலையோ நடுராத்திரியோ, கரண்ட் வந்த பிறகுதான் மோட்டாரைப் போடுவார்கள், ஓடவில்லை என்பதும் அப்போதுதான் தெரியும். ஒரே நேரத்தில் பல பேர் கூப்பிடுவார்கள், எடுக்க இருப்பதோ ஒரே ஆள். எங்கேஜ் டோன் கேட்ட விவசாயி வேறு கடையைத் தேடுவார். பயிர் வாடும்போது அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் எங்கள் சென்டரில், ஐவிஆர் வைத்திருக்கிறோம், அதாவது பேசுவதைக் கேட்டுத் தானாகவே பதில் சொல்லும் போன் மெஷின். ராத்திரி வரும் போன் ஒன்றுகூட இப்போது வீணாவதில்லை.

நீங்களும் வைப்பதாக இருந்தால், ஐவிஆர் அமைத்துத் தரும் கம்பெனிக்காரர்களைக் கூப்பிடும் முன் ஒரு நோட்டை எடுங்கள். கொஞ்ச நாளைக்கு, கூப்பிடுகிறவர் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். எங்கள் நோட்டில் இருந்தவை இவை: “மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலைங்க.” “போட்டா உர்ருங்குது, சுத்தலை.” “ஸ்டார்ட்டர் நிக்க மாட்டேங்குது.” “மெக்கானிக் எப்பங்க வருவாரு?” பெரும்பாலான போன் இந்த நான்கில் அடங்கிவிடும். புகார் பதிவு, சேவைக் கோரிக்கை என்றெல்லாம் யாரும் பேசுவதில்லை. மெஷினுக்கும் அந்த வார்த்தைகள் வேண்டாம்.

வரவேற்பு சின்னதாக இருக்கட்டும். “வணக்கமுங்க, மோட்டாருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.” அவ்வளவு போதும். கம்பெனிப் பெருமையைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை. ஈரக்கையில் பட்டன் போனைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்கிறார், எண்ணைத் தேடி அழுத்துவதைவிட வாயால் சொல்வது அவருக்குச் சுலபம். ஆனாலும் எண் வழியை எடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு மோட்டார் ஓடினால் பேச்சு கேட்காது. எண் சொல்லும்போது காரியம் முன்னால், எண் பின்னால்: “தண்ணி ஏறலைன்னா ஒண்ணை அமுத்துங்க.”

தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளுக்கு இன்று பஞ்சமில்லை. மத்திய அரசின் பாஷினி இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் இலவசமாகவே மாடல்கள் தருகிறது. எதை எடுத்தாலும் ஆபீஸ் அறையில் சோதித்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சாதாரண போன் லைன் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். நல்ல மைக்கில் தெளிவாகக் கேட்ட வார்த்தை அங்கே மழுங்கிவிடும். தோட்டத்துக்குப் போய், மோட்டார் சத்தத்தில் நின்று, சாதாரண போனில் பேசிப் பாருங்கள். ஒண்ணு, ரெண்டு, அஞ்சு என்று சொன்னால் புரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பலன், மெக்கானிக் கிளம்பும் முன்பே கொடுக்க முடிகிற யோசனை. “உர்ருங்குது, சுத்தலை” என்று ஒருவர் சொன்னதும் எங்கள் மெஷின், “உடனே ஸ்விட்ச்சை நிறுத்திடுங்க, திரும்பத் திரும்பப் போடாதீங்க, காயில் கருகிடும்” என்கிறது. அடுத்து, “போர்டுல மூணு லைட்டும் எரியுதுங்களா?” என்று கேட்கிறது. ஒரு லைட் எரியவில்லை என்றால், மூன்று பேஸில் ஒன்று வரவில்லை. கோளாறு மோட்டாரில் இருக்காது, லைனில் இருக்கும். அப்போது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண்ணைச் சொல்லிவிடும்: 94987 94987. காயில் தப்பிக்கும், மெக்கானிக்குக்கு வெட்டி அலைச்சல் இல்லை, விவசாயிக்கு விசிட் சார்ஜ் மிச்சம். தூக்கக் கலக்கத்தில் போன் எடுக்கும் பையனுக்கு இதையெல்லாம் வரிசையாகக் கேட்கத் தோன்றாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். போர்டைத் திறக்கவோ வயரைத் தொடவோ மெஷின் ஒருநாளும் சொல்லக் கூடாது. லைட்டைப் பார்க்கச் சொல்வதோடு நிறுத்திவிட வேண்டும்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லி, “சரிதானுங்களா?” என்று உறுதி செய்ய வையுங்கள். இரண்டு முறை புரியவில்லை என்றால் மூன்றாவது முறை கேட்கவே கூடாது, நேராக ஆளுக்குப் போக வேண்டும். “ஆளைக் குடுங்க” என்று எந்த இடத்தில் சொன்னாலும் அப்படித்தான். ஆள் கிடைக்காத நேரமென்றால், திரும்ப எப்போது கூப்பிடுவோம் என்று சொல்லி, சொன்ன நேரத்துக்குக் கூப்பிட வேண்டும். மெஷினை வைத்து ஆளை மறைக்கிற கடைகள்மேல் எனக்குக் கோபமே உண்டு. வயசானவர்களைச் சுற்ற விடுவது பெரிய பாவம்.

புகாருக்குக் கொடுக்கும் பதிவு எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் படிக்கட்டும், எஸ்எம்எஸ்ஸிலும் போகட்டும். அதற்கு டிஎல்டி பதிவு, அதாவது எஸ்எம்எஸ் அனுப்பும் கடைகள் போன் கம்பெனியிடம் செய்ய வேண்டிய பதிவு, முன்கூட்டியே வேண்டும். பேச்சைப் பதிவு செய்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பிறகு வாரம் ஒரு தடவை, புரியாமல் ஆளுக்கு மாறிய அழைப்புகளை உட்கார்ந்து கேளுங்கள். கோடையில் “போர்ல தண்ணி எறங்கிருச்சு”, “காத்து வாங்குது” என்று புதுசு புதுசாக வரும். அவற்றைப் பங்குனி பிறப்பதற்குள் சேர்த்துவிடுங்கள்.