பழைய ஹே ரேக் வாங்கப் போறீங்களா, பல்லப் பிடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க

தானமா வந்த மாட்டத்தான் பல்லப் பிடிச்சு பாக்கக் கூடாதும்பாங்க, காசு குடுத்து வாங்குற ரேக்க பல்லப் பிடிச்சு பாத்தே ஆகணும். ரேக்குன்னா அறுத்துக் காயப்போட்ட புல்ல வரிசையா ஒதுக்குற, டிராக்டர்ல மாட்டுற மெஷினு. புல்லு அறுக்குற மோவர் எது, காஞ்ச புல்ல கட்டு கட்டுற பேலர் எதுன்னு மாசக்கணக்கா அலசுறவங்க கூட ரேக்குன்னு வந்தா "புல்ல கூட்டித் தள்ளுற சாமான்தானே, எது கிடைச்சா என்ன"ன்னு கிடைச்சத ஏத்திட்டு வந்துடுறாங்க. ஆனா தீவனத்துல மண்ணு சேருறதும் சத்துள்ள இலையெல்லாம் உதிர்ந்து வயல்லயே போறதும் பல சமயம் இந்த ரேக் ஓட்டுற கட்டத்துலதான் நடக்குது.

சின்ன பண்ணைக்கு புதுசு வேணும்னு அவசியமே இல்ல. ரேக்குல எஞ்சின் கிடையாது, அதிகமா கெட்டுப்போற சமாச்சாரமும் கிடையாது, கொட்டாய்க்குள்ள நிறுத்தி கிரீஸ் அடிச்சு வச்சிருந்தா இருபது முப்பது வருஷத்து மெஷினு கூட நல்லாத்தான் ஓடும். மழையில கிடந்து பேரிங் எல்லாம் துருப்பிடிச்சதா இருந்தா நாலு வருஷத்து மெஷினா இருந்தாலும் தலைவலிதான். அதனால எந்த வருஷத்து மாடல்னு கேக்குறதுக்கு முன்னாடி எங்க நிறுத்தி வச்சிருந்தீங்கன்னு கேளுங்க.

பழசுல பெரும்பாலும் கண்ணுல படுறது மூணு டைப். முதல்ல வீல் ரேக், பெரிய வட்டத்தைச் சுத்தி கம்பிப் பல்லு வச்சு சரிஞ்ச மாதிரி வரிசையா நிக்குமே அது. 1948 வாக்குல நெதர்லாந்துல லெலி கம்பெனி ஆரம்பிச்சதே இந்த மாதிரி ரேக்கை வச்சுத்தான். இதுக்கு பிடிஓ, அதாவது டிராக்டர் எஞ்சின்ல இருந்து மெஷினுக்கு ஓட்டம் குடுக்குற சுத்துற தண்டு, வேணாம், டிராக்டர் இழுக்கும்போது பல்லு தரையிலயும் புல்லுலயும் உரசி வீல் தானா சுத்தும். விலை கம்மி, வேகமா வேலை முடியும், சின்ன டிராக்டரே போதும். ஆனா சுத்துறதுக்கே தரையில உரசணும்ங்கிறதால மண்ணும் சின்னக் கல்லும் சேந்து வரும், மெல்லிசா புல்லு கிடக்குற வயல்ல இன்னும் ஜாஸ்தி. ஈரமா கனமா கிடந்தா புல்ல கயிறு மாதிரி முறுக்கி உருட்டி விட்டுடும், அந்த முறுக்குக்குள்ள காத்து போகாது, காயவும் காயாது.

ரெண்டாவது பார் ரேக். சாய்வா ஒரு கூடை மாதிரி இருக்கும், அதுல அஞ்சோ ஆறோ நீளக் கம்பி, கம்பி முழுக்க பல்லு தொங்கும். கூடை எப்படிச் சுத்தினாலும் பல்லு கீழ பாத்தே நிக்குற மாதிரி அமைப்பு, அதான் இதோட அழகு. சிலது சொந்த சக்கரத்துல இருந்தே ஓட்டம் எடுத்துக்கும், சிலது ஹைட்ராலிக் மோட்டார், சிலது பிடிஓ. புல்ல மெதுவா தூக்கி நகர்த்தும், அதனால குதிரைமசால் மாதிரி இலை உதிர்ற பயிருக்கு வீல் ரேக்க விட இது எவ்வளவோ மேல். வேகம்தான் கொஞ்சம் கம்மி.

மூணாவது ரோட்டரி. பிடிஓல ஓடும், கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற பல்லுக் கம்பியெல்லாம் சுத்தி வந்து புல்ல ஒதுக்கி ஒரு பக்கமா விடும். வரிசை பஞ்சு மாதிரி காத்தோட்டமா நிக்கும், மண்ணும் கம்மி. வேலையில இதுதான் பெஸ்ட், சந்தேகமே இல்ல. ஆனா உள்ள கியர்பாக்ஸ் இருக்கு, பல்லுக் கையை ஏத்தி இறக்குற கேம் டிராக் இருக்கு, பழசுல அது தேஞ்சிருந்தா ரிப்பேர் செலவு ரேக்கு விலையையே தொட்டுடும். என்னைக் கேட்டா வெறும் புல்லு மட்டும் போடுறவங்களுக்கு வீல் ரேக் போதும், குதிரைமசால் போடுறவங்க பார் ரேக் தேடுங்க, ரோட்டரிய நல்லா தெரிஞ்ச ஒருத்தர் கையால ஓடின மெஷினா இருந்தா மட்டும் தொடுங்க.

டைப் முடிவு பண்ணிட்டு உங்க கிட்ட ஏற்கனவே இருக்குறதோட பொருந்துதான்னு பாருங்க. மோவர் ஒரு தடவைக்கு எவ்வளவு அகலம் வெட்டுதோ அத ரேக் முழுசா வாரணும், அதுலயும் சாய்வா நிக்குற ரேக்குல பார் நீளம் வேற, நிஜமா வாருற அகலம் வேற, கம்மியாத்தான் இருக்கும், விக்கிறவரு பார் நீளத்தத்தான் சொல்வாரு. அதே மாதிரி ரேக் போடுற வரிசை உங்க பேலர் பிக்கப்ப (புல்ல அள்ளி உள்ள எடுக்குற வாய்) விட அகலமா போயிடக்கூடாது, ஒரு பக்கம் கனமா ஒரு பக்கம் மெல்லிசா விழுந்தா உருண்டை பேலர்ல கட்டு ஒரு பக்கம் பெருத்து கோணலா வரும். டிராக்டர்ல ஹைட்ராலிக் அவுட்லெட் எத்தனை இருக்கு, மூணு பாயின்ட்ல (டிராக்டர் பின்னால இருக்குற தூக்குற கைகள்ல) மாட்டுறதா பின்னால இழுக்குறதா, மாட்டுறதுன்னா பின்னு சைஸ் ஒத்துப் போகுதா, தூக்கினா முன்னாடி சக்கரம் லேசாகுதா, இதெல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி பாக்குற விஷயம்.

சரி, மெஷினு முன்னாடி போய் நின்னாச்சு. பெயிண்ட்ட மறந்துடுங்க. பல்ல எண்ணுங்க. எத்தனை காணோம், எத்தனை வளைஞ்சிருக்கு, நீளம் எல்லாம் ஒண்ணா இருக்கா, நுனி தேஞ்சு குட்டையா ஆயிருக்கா. அங்கங்க ஒண்ணு ரெண்டு இல்லைன்னா பரவாயில்ல, புதுசு மாட்டிக்கலாம், ஆனா மொத்தமா தேஞ்சிருந்தா ஒரு செட்டு பல்லு என்ன விலைன்னு முதல்ல விசாரிச்சு அத பேரத்துல கழிங்க. ரப்பர் வச்சுப் பிடிச்ச பல்லா இருந்தா ரப்பர் வெடிச்சிருக்கான்னு வளைச்சுப் பாருங்க. தேஞ்ச பல்லு வச்சிருக்குறவங்க புல்லு விட்டுப் போகுதேன்னு ரேக்க இன்னும் கீழ இறக்குவாங்க, அப்ப நல்ல பல்லெல்லாம் மண்ணத் தோண்டும், தோண்டினா அதுவும் உடையும்.

உடைஞ்ச பல்லு எங்க போகுதுங்கிறதுதான் இதுல பெரிய விஷயம். வயல்ல விழுந்த கம்பித்துண்டு அடுத்த ரவுண்டுல வரிசைக்குள்ள போகும், அங்கிருந்து கட்டுக்குள்ள, கட்டுல இருந்து மாட்டு வாய்க்குள்ள. மாடு புல்ல பொறுக்கித் தின்னாது, அப்படியே முழுங்கிடும், கம்பி போய் தேன்கூடு மாதிரி இருக்குற ரெண்டாவது வயித்துல தங்கிடும், அந்த வயிறு சுருங்குறப்ப குத்தி, சில சமயம் அங்கிருந்து இருதயப் பை வரைக்கும் போயிடும். அதனாலதான் சில பண்ணையில மாட்டுக்கு காந்தமே முழுங்க வச்சிடுறாங்க. பல்லு உடைஞ்சாலும் கீழ விழாம பிடிச்சுக்குற கிளிப் சில மாடலுக்கு கிடைக்குது, நீங்க பாக்குற மெஷின்ல ஏற்கனவே மாட்டியிருந்தா அந்த ஓனர் கவனமான ஆளுன்னு நம்பலாம்.

அடுத்து பேரிங். வீல் ரேக்குன்னா ஒவ்வொரு வீலையும் தரையில இருந்து தூக்கி கையால சுத்தி விடுங்க, சத்தமில்லாம சுத்தி தானா நிக்கணும், கரகரன்னு கேட்டா போச்சு. ரெண்டு கையால பிடிச்சு முன்ன பின்ன ஆட்டுங்க, ஆட்டம் அதிகமா இருந்தா ஹப் (வீலோட நடுப்பகுதி) தேஞ்சிருக்கு. பார் ரேக்குல ஒவ்வொரு பாருக்கும் ரெண்டு முனையிலயும் பேரிங் இருக்கும், அஞ்சு பாருன்னா பத்து, ஒண்ண விடாம பாரத் தூக்கி ஆட்டிப் பாக்கணும், பாதி பேர் ரெண்டு பாத்துட்டு சரின்னுடுறாங்க. சக்கரத்துல இருந்து ஓட்டம் எடுக்குற மாடலா இருந்தா டயர் தேயாம பிடிமானமா இருக்கணும், இல்லாட்டி வழுக்கி கூடை நின்னு நின்னு ஓடும்.

பிரேம்ல வெல்டிங் பாருங்க, முக்கியமா டிராக்டரோட சேருற இடம், குழாய் வளையுற இடம். புது பெயிண்ட்டுக்கு அடியில துரு கோடு மாதிரி கசிஞ்சிருந்தா அங்க விரிசல்னு அர்த்தம். ஒரு தடவை ஒட்டினது தப்பில்ல, ஒட்டினது மேலயே மறுபடி ஒட்டியிருந்தா யோசிங்க. கியர்பாக்ஸ் இருந்தா ஆயில் பிளக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா தண்ணி இறங்கியிருக்கு, மினுமினுன்னு இருந்தா பல்சக்கரம் அரைபடுது. பிடிஓ ஷாப்ட்டுக்கு மேல் கவர் இல்லாம விக்கிற மெஷின நிறைய பாக்கலாம், கவர் விலைய பேரத்துல கழிச்சுட்டு அத மாட்டின பிறகுதான் ஓட்டணும், துணி மாட்டினா ஆளையே சுருட்டிடும். ஹைட்ராலிக் சிலிண்டர ஏத்தி வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருங்க, தானா இறங்குதான்னு தெரிஞ்சிடும், ஏத்தினதுக்கு அடியில மட்டும் போகாதீங்க. ஓஸ்ல கசிவு எங்கன்னு வெறும் கையால தடவித் தேடாதீங்க, ஊசி ஓட்டையில இருந்து வர்ற ஆயில் தோலுக்குள்ளயே பாய்ஞ்சிடும், ஒரு அட்டைய காட்டிப் பாருங்க.

நிக்க வச்சு பாத்தது பாதிதான். முடிஞ்சா அறுத்த புல்லுல, இல்லாட்டி வெறும் வயல்லயாவது கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, டக் டக்னு ஒரே தாளத்துல தட்டுற சத்தம் வந்தா எங்கயோ ஒரு பல்லு மோதுது இல்ல ஒரு பார் வளைஞ்சிருக்கு. ஓட்டி முடிச்சதும் டிராக்டர நிறுத்தி சாவிய கையில எடுத்துக்கிட்டு பேரிங்கெல்லாம் தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் சுடுதுன்னா அது போகப்போகுது. திரும்பி நடந்து வரிசையையும் பாருங்க, மண்ணு கலந்திருக்கா, தரையில புல்லு விட்டுப் போயிருக்கா, வரிசை ஒரே கனமா இருக்கா. விக்கிறவரு ஓட்டிக் காட்ட மாட்டேன்னா விலைய அதுக்கேத்த மாதிரி பேசுங்க.

பேரத்துக்கு உக்காருறதுக்கு முன்னாடி மாடல் தகட்ட போட்டோ எடுத்துட்டு பார்ட்ஸ் கடையில பல்லு, பேரிங் கிடைக்குதான்னு ஒரு போன் போடுங்க. பல்லு நிறைய மாடலுக்கு பொதுவா கிடைக்கும், கேம், கியர் மாதிரி சாமான்தான் கம்பெனி நின்னு போயிருந்தா கிடைக்காது. சீசன் முடிஞ்ச கையோட தேடினா விலை இறங்கும், புல்லு அறுக்குற நேரத்துல எல்லாருக்கும் அவசரம். வீட்டுக்கு ஏத்திட்டு வரும்போது வீல் ரேக்குல வீலெல்லாம் சுத்தாம கட்டிடுங்க.

முதல் தடவை வயல்ல இறக்கும்போது சமதரையில நிறுத்தி பல்லு நுனி வெட்டின தாள்கட்டைய உரசுற அளவுக்கு, மண்ணத் தொடாத மாதிரி வச்சுக்குங்க, வீல் ரேக்குன்னா லேசா தரையத் தொட்டா போதும், ஸ்பிரிங்க அதுக்குத் தகுந்த மாதிரி இறுக்கிக்கலாம். புல்லு மொறுமொறுன்னு காயுற வரைக்கும் காத்திருக்காதீங்க, 35, 40 சதவீதம் ஈரம் இருக்கும்போதே ஒதுக்கினா இலை நிக்கும், மீதிக் காய்ச்சல் வரிசையிலயே ஆகும், சின்னக் கட்டு போட 20 சதவீதத்துக்குக் கீழ வந்தா போதும். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு இறங்கி போல்ட்டெல்லாம் ஒரு தடவை இறுக்கிட்டு, பல்ல மறுபடி எண்ணிட்டு ஏறுங்க.